முன் கதவில இருந்து குசினி வரைக்கும் 5000 வருசம்

எங்கட ஃபிளாட்டில முன் கதவில இருந்து குசினி வாசல் வரைக்கும் நீட்டா ஒரு கொரிடோர் இருக்கு, அஞ்சு மீற்றரும் கொஞ்சமும் வரும். அந்தச் சுவர் முழுக்க பிறவுண் பேப்பர் ஒட்டி வைச்சிருக்கிறம். 100 வருசத்துக்கு 10 சென்ரிமீற்றர் எண்டு கணக்கு. கி.மு. 3000 முன் கதவடியில தொடங்குது, இண்டைய நாள் குசினி வாசல்ல முடியுது. கொழும்பு வெள்ளவத்தையில ஃபிளாட் எண்டா எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, ரெண்டு பேர் எதிர் எதிரா வந்தா ஒராள் சுவரோட சாஞ்சு வழி விட வேணும், அப்ப வாற போற ஆக்கள் எல்லாரும் எகிப்திலயோ அநுராதபுரத்திலயோ தோள் முட்டித்தான் போவினம். "இது என்ன, ஸ்கூல் புரொஜெக்டோ?" எண்டு கேப்பினம். இதுதான் எங்கட ஸ்கூல் எண்டு சொல்லுவன்.

2020 மார்ச்சில ஸ்கூல் எல்லாம் பூட்டினாப் பிறகு பெரியவன் வீட்டில இருந்து படிக்கத் தொடங்கினவன், அப்ப அவனுக்கு ஏழு வயசு. பிறகு 2022இல பெற்றோல் இல்லாத காலம், திரும்பவும் வீடு. அதுக்குப் பிறகு நாங்கள் திருப்பி அனுப்பேல்ல. ஏன் எண்டு எழுதினா அதுவே வேற பதிவாப் போகும், விடுவம். சொந்தக்காரர் முதல் கேட்டது "ஓஎல்லுக்கு என்ன செய்வியள்?" எண்டுதான், சாதாரண தரச் சோதனையைச் சொல்லுகினம். தனிப்பட்ட பரீட்சார்த்தியா எடுக்கலாம், அதில வரலாறு கட்டாய பாடம் எண்டதும் எனக்குத் தெரியும். ஆனா நான் வரலாறு சொல்லிக் குடுக்கிறது அந்தப் பேப்பருக்காக இல்லை.

நான் பின்பற்றுறது கிளாசிக்கல் முறை எண்டு சொல்லுறது. ஐரோப்பாவில முந்தி படிப்பிச்ச இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி எண்ட மூண்டும்தான் அடி. 1947இல டொரதி சேயர்ஸ் எண்ட எழுத்தாளர் ஒக்ஸ்போர்ட்டில ஒரு உரை வாசிச்சவ, அதில அவ சொன்னது, இந்த மூண்டும் பிள்ளையின்ர வளர்ச்சியில மூண்டு பருவத்துக்கு அப்பிடியே பொருந்துது எண்டு. சின்ன வயசில பிள்ளைக்குப் பாடமாக்கச் சரியான விருப்பம், எதையும் ராகம் போட்டுச் சொல்லும். பன்னிரண்டு வயசு வரேக்க வாய் காட்டத் தொடங்கும், எல்லாத்துக்கும் "ஏன், யார் சொன்னது" எண்டு. அதுக்கும் பிறகு தன்ர கருத்தை அழகாச் சொல்ல வேணும் எண்டு ஆசை வரும். பின்னால வந்த ஹோம்ஸ்கூல்காரர் வரலாற்றை இதோட சேத்துப் பின்னி நாலு வருசச் சுற்று ஆக்கிச்சினம்: முதல் வருசம் பழங்காலம் கி.பி. 400 வரை, ரெண்டாவது 1600 வரை, மூண்டாவது 1850 வரை, நாலாவது இண்டைக்கு வரை. முடிஞ்சதும் திரும்பவும் முதல்ல இருந்து. பன்னிரண்டு வருசத்தில ஒரு பிள்ளை உலக வரலாறு முழுக்க மூண்டு தரம் நடந்து முடிக்கும், ஒவ்வொரு தரமும் வேற வயசில.

இதை முதல்முதல் வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது நன்னூல். அப்பா சொல்லித் தந்தவர். ஒரு பாடத்தை ரெண்டு தரம் கேட்டா பிழை போகும், மூண்டு தரம் கேட்டா முறை அறிஞ்சு மற்றவைக்குச் சொல்லுற அளவுக்கு வரும் எண்டு பவணந்தி முனிவர் எழுதி வைச்சிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டு. எனக்கு அந்த இடத்திலதான் இந்த முறையில நம்பிக்கை வந்தது, எங்கட திண்ணையிலயும் இது இருந்திருக்கு எண்டு.

ஆனா முதல் வருசம் நான் ஒரு பெரிய பிழை விட்டனான். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்பிடியே எடுத்து ஓட்டினன். சுமேரியா, எகிப்து, கிரேக்கம், ரோம். வருசக் கடைசியில பெரியவன் பாரோ மன்னர்மாரை வரிசையாச் சொல்லுவான், ஜூலியஸ் சீசரை யார் குத்தினது எண்டு சொல்லுவான், மாந்தை எங்க இருக்கு எண்டு கேட்டா முழிப்பான். மன்னாருக்குப் பக்கத்தில அப்பிடி ஒரு துறைமுகம் இருந்தது, ரோமக் காசுகள் இந்தத் தீவில கிடைச்சிருக்கு, ரோமச் சக்கரவர்த்தி கிளோடியஸிட்ட இங்க இருந்து தூதர் போன கதையை ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைச்சிருக்கிறார். அதாவது ரோம் பாடத்துக்குள்ளயே எங்கட தீவு இருந்திருக்கு, நான்தான் காட்டேல்ல. எனக்கு அது சரியான கவலை. அந்த லீவிலதான் இந்த பிறவுண் பேப்பரை வாங்கி ஒட்டினது, ஒரே சுவர், எல்லாரும் ஒரே சுவரில, ஹரப்பாவும் புத்தளத்துப் பக்கப் பொம்பரிப்பும் ஏதென்ஸும் அநுராதபுரமும்.

கிழமையில ரெண்டு நாள் வரலாறு. நான் இருவது நிமிசம் வாசிப்பன், இல்லாட்டிச் சொல்லுவன். பிறகு புத்தகத்தை மூடிப்போட்டு, "இப்ப நீ சொல்லு." இதுதான் முழு முறையின்ர உயிரும். கேள்வி கேக்கிறேல்ல, கோடிட்ட இடம் நிரப்புறேல்ல, கேட்டதைத் தன்ர வாயால திருப்பிச் சொல்ல வேணும். சின்னவளுக்கு இப்ப எட்டு வயசு, அவள் சொல்லுறதை நான் கொப்பியில எழுதுவன், அவள் கீழ படம் கீறுவாள். ஒரு பிள்ளை திருப்பிச் சொல்லேக்க எதை விட்டிட்டுப் போகுது, எதை நீட்டிச் சொல்லுது எண்டு பாத்தாலே அதுக்கு என்ன விளங்கினது எண்டு தெரிஞ்சிடும், சோதனைத்தாள் தேவையில்லை. பிறகு வருசங்கள் பாடமாக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாத நாளில நாலு மாடி ஏறேக்க ஒவ்வொரு படிக்கும் ஒரு வருசம்: 1505 போத்துக்கேயர், 1619 யாழ்ப்பாண அரசு விழுந்தது, 1656 கொழும்பு ஒல்லாந்தரிட்ட, 1658 யாழ்ப்பாணமும், 1796 ஆங்கிலேயர், 1815 கண்டி, 1948.

பாடமாக்கிறது பழைய காலத்து வேலை, பிள்ளையின்ர சிந்தனையைக் கெடுக்கும் எண்டு நிறைய பேர் சொல்லுவினம். நான் அதை ஒத்துக் கொள்ளமாட்டன். தலைக்குள்ள ஒண்டும் இல்லாத பிள்ளை எதை வைச்சு யோசிக்கிறது? பெரியவனுக்கு இப்ப பன்னிரண்டு முடிஞ்சுது, ரெண்டாவது சுற்றில இருக்கிறான், முதல் சுற்றில போட்ட ஆணிகளிலதான் இப்ப ஒவ்வொண்டாக் கொளுவுறான்.

ரெண்டாவது சுற்று எப்பிடி எண்டதுக்கு எல்லாளன் கதையைச் சொல்ல வேணும். ஏழு வயசில அவனுக்கு அது ஒரு கதை மட்டும்தான்: ஆராய்ச்சி மணி, கண்டுக்குட்டி, தேர், பசு வந்து மணி அடிச்சது, ராசா தன்ர மகனுக்கே தண்டனை குடுத்தது. அப்ப அழுதவன். இந்த முறை அதே கதையை மூண்டு இடத்தில இருந்து வாசிச்சம். இலங்கையின்ர பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்தில எல்லாளன் சோழ நாட்டில இருந்து வந்து 44 வருசம் ஆண்ட ராசா, நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி. கண்டுக்குட்டிக் கதையோட ஒரு பாம்பும் பறவைக் குஞ்சும் வரும், காய வைச்ச அரிசி மழையில நனைஞ்சு போன ஒரு கிழவியும் வருவா, அவவுக்காக ராசா நோன்பிருந்து மழையைக் காலத்துக்கு மட்டும் பெய்ய வைச்சாராம். (எனக்கு மூண்டிலயும் அந்தக் கிழவிதான் விருப்பம்.) பிறகு சிலப்பதிகாரம், கண்ணகி பாண்டியனிட்ட தன்ர ஊர்ப் பெருமை சொல்லேக்க அதே மணி, அதே பசு, அதே தேர், ஆனா இலங்கை இல்லை. பிறகு பெரியபுராணம், அங்க அது திருவாரூர், மனுநீதிச் சோழன்.

பெரியவன் எழும்பிப் போய் அடிமட்டத்தை எடுத்துக் கொண்டு வந்து சுவரில அளந்தான். எல்லாளன் கி.மு. 205 தொடக்கம் 161 வரை எண்டு சொல்லுறது, அவற்ற முழு ஆட்சியும் ஒரு விரல் நீளம் கூட வரேல்ல, 4.4 சென்ரிமீற்றர். மகாவம்சம் எழுதினது கி.பி. 5ஆம் 6ஆம் நூற்றாண்டு. நடுவில 60 சென்ரிமீற்றருக்கு மேல. பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு, அது ஒரு மீற்றரையும் தாண்டிப் போகுது. "அம்மா, ஒருத்தரும் நேர பாக்கேல்லயே" எண்டான். நான் பேசாமல் இருந்தன், ஏனெண்டா அந்த வசனத்துக்காகத்தான் நான் அஞ்சு வருசம் காத்துக் கொண்டிருந்தனான்.

பிறகு வந்துதே வாக்குவாதம். சனிக்கிழமைகளில வேற ரெண்டு பிள்ளையளும் எங்களோட வந்து சேருவினம், ஒரு பெடியன், தெகிவளையில இருந்து ஒரு முஸ்லிம் பெட்டை. பெடியன் கேட்டான், மகாவம்சம் எழுதினது பிக்கு, அவருக்கு எல்லாளனை வெண்ட சிங்கள ராசா துட்டகைமுனுதான் வீரன், அப்ப எதிரியை ஏன் இவ்வளவு நல்லவர் எண்டு எழுதினவர், அதில அவருக்கு என்ன லாபம்? லாபம் இல்லாமல் எழுதினா அது உண்மையாத்தான் இருக்கும் எண்டு பெரியவன். இல்லை, எதிரி பெரிய ஆள் எண்டாத்தான் வெண்டவர் இன்னும் பெரிய ஆள் எண்டு அந்தப் பெட்டை. ரெண்டும் நல்ல வாதம். யானையில இருந்து சண்டை பிடிச்சு எல்லாளனைக் கொண்ட துட்டகைமுனு அவருக்குச் சமாதி கட்டி, அந்த வழியாப் போற ஆக்கள் மேளதாளத்தை நிப்பாட்ட வேணும் எண்டு கட்டளை போட்டதும் அதே மகாவம்சத்திலதான் இருக்கு. நான் தீர்ப்புச் சொல்லேல்ல. கதை அங்க இருந்து இங்க வந்ததோ, இங்க இருந்து அங்க போனதோ, ரெண்டுக்கும் பொதுவான பழங்கதையோ எண்டதை கேள்வியாவே கொப்பியில எழுதி விட்டம்.

இதில எனக்குப் பெரிசா ஒண்டு இருக்கு. நாங்கள் சின்னனில மகாவம்சம் எண்ட பேரைக் கேட்டாலே மற்ற ஆக்களின்ர புத்தகம் எண்டு தள்ளி வைச்சு வளந்த ஆக்கள். ஆனா சிலப்பதிகாரத்தில சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுக்கேக்க வந்த ராசாக்களில இலங்கைக் கயவாகுவும் ஒராள், அந்தக் கயவாகு எப்ப ஆண்டவர் எண்டு மகாவம்சத்தைப் பாத்துத்தான், 2ஆம் நூற்றாண்டு எண்டு எடுத்து, சங்க காலத்துக்கே காலக்கணக்கு வைச்சவை அறிஞர்மார். அது சரியோ எண்டு இண்டைக்கும் விவாதம் இருக்கு, ஆனா எங்கட இலக்கியத்தின்ர வயசை அறிய அவையின்ர நூல் தேவைப்பட்டுது. இதைப் பெரியவனுக்குச் சொல்லேக்க எனக்கே மேல் சிலிர்த்தது.

போன மாசம் நாலு பேரையும் கூட்டிக் கொண்டு மியூசியத்துக்குப் போனனாங்கள், கறுவாத்தோட்டத்தில இருக்கிற தேசிய நூதனசாலை, 1877இல திறந்தது. நான் காட்டப் போனது ஒரே ஒரு கல்லு. 1911இல காலியில கண்டெடுத்தது, சீன மாலுமி செங் ஹ கொண்டு வந்து வைச்ச கல்வெட்டு, அதில போட்டிருக்கிற திகதி 1409. சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூண்டு மொழி. சீனத்தில புத்தருக்குக் காணிக்கை, தமிழில தென்னாவரை நாயனாருக்கு, அது தெவிநுவரையில இருந்த விஷ்ணு, பாரசீகத்தில அல்லாஹ்வுக்கு. பொன் 1000, வெள்ளி 5000 எண்டு பட்டியல் போகுது. கல்லு நல்லாத் தேஞ்சு போயிருக்கு, சின்னவள் மூக்கைக் கொண்டு போய் ஒட்டாத குறையா நிண்டு தமிழ் எழுத்துத் தேடினாள். "மூண்டு சாமிக்கும் தனித்தனியா ஏன், ஒராளுக்குச் சொன்னா மற்ற ஆள் கோவிப்பாரோ?" எண்டு கேட்டாள். துறைமுகத்தில அப்ப ஆர் ஆர் இருந்திருப்பினம் எண்டு யோசி எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் கழிச்சு தெகிவளைப் பெட்டை மெதுவாச் சொன்னாள், "அப்ப எங்கட ஆக்களும் இருந்திருக்கிறாங்க அன்ரி." ஓம் எண்டன்.

ஆனா கல்லோட நிப்பாட்டினா அது அரைப் பாடம். அதே செங் ஹ 1411இல இங்க ஆட்சி அதிகாரத்தில இருந்த அழகேஸ்வரரோட சண்டை பிடிச்சு அவரைச் சிறை பிடிச்சுச் சீனாவுக்குக் கொண்டு போனவர், அது சீனப் பதிவுகளில இருக்கு. கல்லில காணிக்கை மட்டும்தான். வீட்டை வரேக்க பஸ்ஸில பெடியன்மார் ரெண்டு பேரும் அதைத்தான் கதைச்சுக் கொண்டு வந்தவை, கல்லு பொய் சொல்லேல்ல, ஆனா முழுக்கவும் சொல்லேல்ல எண்டு. 100ஆம் நம்பர் பஸ்ஸில நிண்ட நிலையில, சனத்துக்குள்ள நசிஞ்சு கொண்டு. எனக்கு அண்டைக்கு வேற ஒண்டும் வேண்டாம் போல இருந்தது.

மூண்டாம் வருசப் பாடம் கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு லேசு, ஊரே பாடம்தான். கோட்டை எண்டு ஸ்டேஷனுக்குப் பேர், ஆனா கோட்டை எங்க எண்டு பிள்ளை கேக்கும், 1870 வாக்கில ஆங்கிலேயர் மதிலை இடிச்சுப் போட்டினம் எண்டு சொல்ல வேணும். வீட்டுக்குள்ள ஒரு விளையாட்டும் விளையாடுவம்: போத்துக்கேயர் விட்டிட்டுப் போன சொல்லு எங்க எங்க இருக்கு எண்டு தேடுறது. கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், வாங்கு, குசினி, பாண். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தது. போத்துக்கேயர் முதல்ல வந்து இறங்கேக்க, வெள்ளைக் கல்லைச் சாப்பிட்டு ரத்தம் குடிக்கிற ஆக்கள் வந்திருக்கினம் எண்டு ராசாவுக்குச் செய்தி போனதாம், ராஜாவலிய எண்ட சிங்கள வரலாற்று நூலில இருக்கு. அந்தக் கல்லுதான் பாண். சின்னவளுக்கு அதுக்குப் பிறகு காலமையில பாணும் சம்பலும் சாப்பிடேக்க ஒவ்வொரு தரமும் அதைச் சொல்ல வேணும்.

நாலாவது வருசம்தான் கஷ்டம். பழங்காலத்தில ஆர் ஆரைக் கொண்டாலும் பிள்ளையள் கதையாக் கேக்குங்கள். சுவரின்ர கடைசி ஏழு சென்ரிமீற்றருக்குள்ள என்ர அம்மாவின்ர முழு வாழ்க்கையும் இருக்கு. தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983இல அம்மா இதே வெள்ளவத்தையில இருந்தவ. முதல் சுற்றில நான் அதைத் தொடவே இல்லை, பத்து வயசுப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல், "கலவரம் வந்தது, சனம் கப்பலில யாழ்ப்பாணம் போச்சுது" எண்டு ஒரு வசனத்தில கடந்து போனன். இந்த வருசம் பெரியவன் தானாப் போய் அம்மம்மாவிட்ட இருந்திட்டான், கொப்பியும் பென்சிலும் எடுத்துக் கொண்டு, "அம்மம்மா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன், பிறகு நான் திருப்பிச் சொல்லுவன், பிழையெண்டா திருத்துங்கோ" எண்டு.

அம்மா சொன்னா, நான் கேட்டிராத விசயங்களையும் சொன்னா. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மதிலுக்கு மேலால கையைக் குடுத்துத் தூக்கி எடுத்தது, அவவின்ர சாமான் அறைக்குள்ள தேங்காய் குவியலுக்குப் பின்னால ஒரு இரவு முழுக்க இருந்தது, பிறகு அகதி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். திங்கட்கிழமை எண்டு சொன்னா. பெரியவன் போனில பாத்தான், 1983 யூலை 25 திங்கட்கிழமைதான். ஆனா முகாமில அஞ்சு நாள் எண்டு முதல் சொன்னவ, பிறகு கதையோட கதையா ரெண்டு கிழமை எண்டும் சொல்லிப் போட்டா. இவன் அதைப் பிடிச்சுக் கேட்டிட்டான். அம்மா பேச்சை நிப்பாட்டிப் போட்டா. அண்டு இரவு நான் இவனோட கன நேரம் கதைச்சன். சாட்சி சொல்லுறவை மறக்கிறது பொய் சொல்லுறது ஆகாது, பயந்து போன ஆளுக்கு நாள் கணக்கு நிக்காது, தேங்காயின்ர மணம்தான் நிக்கும், அதையும் எழுத வேணும், ரெண்டு கணக்கையும் பக்கத்தில பக்கத்தில எழுத வேணும். அடுத்த நாள் அவன் போய் அம்மம்மாவின்ர காலடியில இருந்தான். அவவே திரும்பத் தொடங்கினா.

சுவரில 1983க்கு ஒரு துண்டு ஒட்டினம். அந்தச் சனிக்கிழமை தெகிவளைப் பெட்டை அதைப் பாத்துக் கொண்டு நிண்டிட்டு, தன்ர உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெரு எண்டும், 1990இல வெளிக்கிட்டு வந்தவங்க எண்டும் சொன்னாள். ஒக்டோபர் கடைசி, ரெண்டு மணித்தியாலம்தான் குடுத்தது, வீடு, நகை, எல்லாத்தையும் விட்டிட்டு. ஆயுதம் வைச்சிருந்த எங்கட ஆக்கள், புலிகள்தான், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றினவை. எனக்குத் தெரியாத விசயம் இல்லை. அஞ்சு வருசமா இந்தச் சுவரை நான் நிரப்பிக் கொண்டு வாறன், அந்த வருசத்துக்கு ஒரு துண்டு வைக்க எனக்கு ஒரு நாளும் தோணேல்ல. அவளிட்ட அதைச் சொன்னன், நான் விட்டது பிழை எண்டு. "பரவாயில்ல அன்ரி, நான் எழுதவா?" எண்டு மஞ்சள் பேப்பர் எடுத்தாள்.

1983க்கும் 1990க்கும் இடையில 7 மில்லிமீற்றர். ரெண்டு துண்டும் பக்கத்தில பக்கத்தில ஒட்ட இடம் காணாது. பெரியவன் அம்மம்மாவின்ர துண்டைக் கழட்டிக் கொஞ்சம் மேல ஏத்தி ஒட்டிப் போட்டு மற்றதைக் கீழ வைச்சான். குசினிக்குள்ள இருந்து அம்மா எட்டிப் பாத்து, "சோனகத் தெருவில எந்தப் பக்கம் மோள், பள்ளிவாசலுக்கு அங்காலயோ இங்காலயோ?" எண்டு கேட்டா. அவளுக்குத் தெரியேல்ல, உம்மம்மாக்குப் போன் போட்டாள். அரை மணித்தியாலம், என்ர போனில, அம்மாவும் அவவும்.

வாற சனிக்கிழமை உம்மம்மா வாறா. பெரியவன் கேள்வி எழுதிக் கொண்டிருக்கிறான், இப்ப வரைக்கும் பதினொண்டு, நாள் கணக்குக் கேக்கிற ரெண்டு கேள்வியைத் தானே வெட்டி இருக்கிறான்.